கைக்குழந்தையோடு விமானத்தில்: பெட்டி கட்டுவது கடைசி வேலை

கேள்வி: என் மகனுக்கு இப்போது நாலரை மாதம். இன்னும் இரண்டு மாதத்தில் அவனைத் தூக்கிக்கொண்டு என் கணவர் வேலை பார்க்கும் நாட்டுக்குப் போகிறேன். நடுவில் ஒரு விமானம் மாற வேண்டும், மொத்தம் பதினான்கு மணி நேரம். கூட யாரும் வரவில்லை. தாய்ப்பாலோடு ஃபார்முலா பாலும் குடிக்கிறான். “இவ்வளவு சின்னக் குழந்தையை ஏற்றலாமா, காது என்னத்துக்கு ஆகும்?” என்கிறார் மாமியார். “தூங்குறதுக்கு சிரப் இருக்கு, கொடுத்துட்டா போய்ச் சேர்ற வரைக்கும் கவலையே இல்ல” என்கிறாள் தோழி. வழியெல்லாம் அழுதால் என்ன செய்வேன் என்று நினைத்தே எனக்குத் தூக்கம் போய்விட்டது. என்னென்ன எடுத்துப் போக வேண்டும், எப்படித் தயாராக வேண்டும் என்று சொல்லுங்கள், டாக்டர்.

பதில்: முதலில் அந்த சிரப்பை முடித்துவிடுகிறேன். கொடுக்காதீர்கள். தூங்குவதற்கென்று கைமாறும் மருந்துகளில் பெரும்பாலானவை அலர்ஜிக்கும் சளிக்கும் எழுதப்படும் ஆன்ட்டிஹிஸ்டமின்கள். அவற்றில் புரோமெத்தசின் என்ற ஒன்றை 2 வயதுக்குக் கீழே கொடுக்கவே கூடாது. அதனால் மூச்சு அடங்கி உயிரிழந்த குழந்தைகள் உண்டு. மற்றவையும் இந்த வயதுக்கானவை அல்ல. சில குழந்தைகளுக்கு அவை நேர்மாறாக வேலை செய்து, தூக்கத்துக்குப் பதில் துள்ளலையும் அழுகையையும் கொண்டுவரும். தோழியிடம் நன்றி சொல்லிவிட்டு விஷயத்தை அங்கேயே விட்டுவிடுங்கள்.

நீங்கள் பயப்படுவது அந்தப் பதினான்கு மணி நேரத்தைப் பற்றி. என் கவலை அதற்கு முந்தைய எட்டு வாரமும், இறங்கிய பிறகு வரும் முதல் இரண்டு மூன்று நாளும்தான். விமானத்துக்குள் குழந்தை அழுதால் அது அழுகையோடு போய்விடும். தவறிப்போன தடுப்பூசி, எழுத்து மாறிய பாஸ்போர்ட், கார் சீட் இல்லாத கார் எல்லாம் அப்படிப் போவதில்லை.

மாமியார் கேட்டதற்கு வருவோம். பறக்கும் விமானத்துக்குள் காற்றழுத்தம் சுமார் 6,000 முதல் 8,000 அடி உயர மலைமேல் இருப்பது போல வைக்கப்படுகிறது. நிறை மாதத்தில் பிறந்து, நுரையீரலும் இதயமும் நன்றாக இருக்கிற ஆறு மாதக் குழந்தைக்கு அது ஒரு பொருட்டே இல்லை. பிறந்து ஒரு வாரம்கூட ஆகாத குழந்தை, குறைமாதத்தில் பிறந்து நெடுநாள் ஆக்சிஜனில் இருந்த குழந்தை, இதயக் குறையுள்ள குழந்தை ஆகியோர் கதை வேறு. சிலருக்கு 15 சதவீத ஆக்சிஜன் மட்டுமே உள்ள காற்றைச் சுவாசிக்க வைத்து, தாங்குகிறார்களா என்று மருத்துவமனையிலேயே பார்ப்பதுண்டு. உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. இருந்து எழுதாமல் விட்டிருந்தால், டிக்கெட்டுக்கு முன்னால் மருத்துவரைப் பாருங்கள்.

இப்போது தேதியைக் கவனியுங்கள். உங்கள் பிள்ளைக்கு இன்று நாலரை மாதம், விமானம் ஏறும் அன்று ஆறரை மாதம். நாம் கணக்கில் எடுக்க வேண்டியது இந்த இரண்டாவது வயதை. தட்டம்மைத் தடுப்பூசியை வழக்கமாக 9 மாதத்திலோ 12 மாதத்திலோ தொடங்குவார்கள். வெளிநாடு போகும் குழந்தைக்கு, 6 மாதம் முடிந்திருந்தால், ஒரு டோஸை முன்கூட்டியே போடலாம். தட்டம்மை காற்றில் பரவுவது. விமான நிலையத்தில் யாரோ இருமிவிட்டுப் போன இடத்தில் இரண்டு மணி நேரம் வரைகூட அந்த வைரஸ் தங்கியிருக்கும். ஊசி போட்டு எதிர்ப்பு சக்தி வர சுமார் இரண்டு வாரம் ஆகும். பிள்ளைக்கு ஆறு மாதம் முடிவதற்கும் நீங்கள் ஏறுவதற்கும் நடுவே இருப்பதும் கிட்டத்தட்ட அதே இரண்டு வாரம். ஆகவே ஆறு மாதம் முடிகிற தேதியை ஒட்டி இப்போதே அப்பாயின்ட்மென்ட் வாங்கி வையுங்கள். அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளினால் பயன் குறைந்துவிடும்.

அதில் இன்னொன்று. தட்டம்மை ஊசிக்குப் பிறகு ஏழாம் நாளிலிருந்து பன்னிரண்டாம் நாளுக்குள் சில குழந்தைகளுக்கு லேசான காய்ச்சலோ, உடம்பில் சிவப்புப் புள்ளிகளோ வரும். உங்கள் கணக்கில் அது பெட்டி கட்டும் வாரம். முன்பே தெரிந்திருந்தால் பயணத்தையே ரத்து செய்யலாமா என்று பதற மாட்டீர்கள். மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிட்டால் போதும்.

மற்ற வழக்கமான தடுப்பூசிகளில் ஏதும் பாக்கி இருந்தால் அதே வருகையில் முடித்துக்கொள்ளுங்கள். நீங்கள் போகிற நாட்டிலோ விமானம் மாறுகிற நாட்டிலோ மஞ்சள் காய்ச்சல் (மஞ்சள் காமாலை அல்ல, கொசு பரப்பும் வைரஸ் காய்ச்சல்) இருக்கிறதா என்றும் கேளுங்கள். அந்தத் தடுப்பூசியை 9 மாதத்துக்கு முன் சாதாரணமாகப் போடுவதில்லை, 6 மாதத்துக்குள் போடவே கூடாது. அப்படிப்பட்ட இடம் என்றால், தள்ளிப்போட முடிந்த பயணத்தைத் தள்ளிப்போடுங்கள் என்றுதான் நான் சொல்வேன். மலேரியா உள்ள நாடு என்றால் குழந்தையின் எடையைப் பார்த்துத் தடுப்பு மருந்து எழுதுவார்கள். தாய் மாத்திரை சாப்பிட்டால் பால் வழியாகப் பிள்ளைக்கும் போய்விடும் என்று நினைப்பவர்கள் நிறைய. பாலில் போவது பாதுகாப்புக்குப் போதாது. குழந்தைக்குத் தனியாகக் கொடுக்கத்தான் வேண்டும். கொசுவலையும் வேண்டும்.

காகித வேலைக்கு வருகிறேன். இது என் துறை இல்லை. ஆனாலும் என் அறைக்கு வருகிற பெற்றோர் அதிகம் அலைவது இதில்தான் என்பதால் சொல்கிறேன். குழந்தைக்குத் தனி பாஸ்போர்ட் வேண்டும், தேவைப்படும் நாட்டுக்குத் தனி விசாவும் வேண்டும். பிறப்புச் சான்றிதழில் பெயர் எப்படி இருக்கிறதோ, எழுத்துக்கு எழுத்து அப்படியே பாஸ்போர்ட்டிலும் டிக்கெட்டிலும் இருக்கிறதா என்று பாருங்கள். பல நாடுகள் பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதத்துக்குச் செல்லுபடியாக வேண்டும் என்று கேட்கும். புதிதாக எடுக்கும் குழந்தைக்கு அதில் சிக்கல் வராது, உங்களுடையதைப் பாருங்கள்.

பாஸ்போர்ட் போட்டோதான் தனிக் கூத்து. இன்னும் உட்காரப் பழகாத பிள்ளையை ஸ்டூடியோ நாற்காலியில் உட்கார வைக்கப் போராடாதீர்கள். வீட்டில் ஜன்னலோரம் தரையில் சுருக்கமில்லாத வெள்ளைத் துணியை விரித்து, பால் குடித்துத் தெளிந்திருக்கும் நேரத்தில் மல்லாக்கப் படுக்க வைத்து, நேர் மேலிருந்து எடுங்கள். உங்கள் நிழல் முகத்தில் விழக்கூடாது. கண் திறந்திருக்க வேண்டும். சூப்பான், பொம்மை, பிடித்திருக்கும் உங்கள் விரல் எதுவும் படத்துக்குள் வரக்கூடாது. நாற்பது படம் எடுத்தால் ஒன்று தேறும். படத்தின் அளவும் பின்னணி நிறமும் பாஸ்போர்ட் அலுவலக விதிப்படி இருக்கிறதா என்று மட்டும் சரிபாருங்கள்.

நீங்கள் தனியாகப் போவதால், குழந்தையை அழைத்துப்போக அப்பாவுக்குச் சம்மதம் என்ற கடிதம் ஒன்றை அவர் கையெழுத்தோடு, முடிந்தால் நோட்டரி சான்றோடு வாங்கி வையுங்கள். எல்லா இடத்திலும் கேட்க மாட்டார்கள். கேட்கிற இடத்தில் இல்லாவிட்டால் கவுன்டரிலேயே நிற்க வேண்டியதுதான். பயணக் காப்பீட்டில் குழந்தையின் பெயர் தனியாகச் சேர்ந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

டிக்கெட்டில், 2 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளலாம். சர்வதேச விமானங்களில் அதற்குப் பெரும்பாலும் பெரியவர் கட்டணத்தில் பத்தில் ஒரு பங்கும் வரிகளும் வாங்குகிறார்கள். பணம் இடம் கொடுத்தால், தனி சீட் எடுத்து, விமானத்துக்கு ஏற்றது என்று முத்திரை உள்ள கார் சீட்டில் வைப்பதுதான் ஆகப் பாதுகாப்பானது. விமானம் குலுங்கும்போது மடிப்பிள்ளையைக் கை பிடித்து நிறுத்தாது. பெரும்பாலானவர்களால் அது முடிவதில்லை என்பதும் எனக்குத் தெரியும். மடியில்தான் என்றால், பணிப்பெண் கொடுக்கும் குழந்தை பெல்ட்டை உங்கள் பெல்ட்டில் கோத்துப் போடுங்கள். உங்கள் பெல்ட்டையே இருவரையும் சுற்றிப் போட வேண்டாம். திடீரென்று நின்றால் உங்கள் பாரம் முழுக்கப் பிள்ளை மேல் விழும்.

பாசினெட் என்கிற தொட்டிலை டிக்கெட் எடுத்த அன்றே போன் செய்து கேளுங்கள். முன்வரிசைச் சுவரில் மாட்டுகிற அது சில இடங்களில்தான் உண்டு, எடைக்கும் நீளத்துக்கும் வரம்பு உண்டு. ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொன்று சொல்லும். கிடைத்தாலும் அதை முழுக்க நம்பாதீர்கள். சீட் பெல்ட் விளக்கு எரிகிறபோதெல்லாம் குழந்தையைத் தூக்கி மடிக்குக் கொண்டுவர வேண்டும். அப்போதுதான் கண்ணயர்ந்திருப்பான், அது வேறு. அந்த வரிசையில் முன்னால் சீட் இல்லாததால், ஏறும்போதும் இறங்கும்போதும் காலடியில் பை வைக்க விடமாட்டார்கள். உங்களுடையது இரண்டு விமானம் என்பதால், இரண்டாவதிலும் குழந்தையின் பெயரும் தொட்டிலும் பதிவாகியிருக்கிறதா என்று தனியாகக் கேளுங்கள். வேறு நிறுவனமாக இருந்தால் கட்டாயம் கேளுங்கள். விமானம் மாற ஒரு மணி நேரம்தான் இருக்கிறது என்றால் அந்த டிக்கெட் வேண்டாம். டயபர் மாற்றி, பால் கொடுத்து, இன்னொரு பாதுகாப்புச் சோதனையைத் தாண்டி நடக்க இரண்டரை மூன்று மணி நேரமாவது வேண்டும்.

அப்புறம் பால். தாய்ப்பால் இருக்கிற வரை பாதிப் பிரச்சினை இல்லை, பயண நாளில் அதையே முன்னால் வையுங்கள். ஃபார்முலா பவுடர் கிருமி நீக்கப்பட்டது இல்லை என்பது பலருக்குத் தெரியாது. அதனால்தான் 70 டிகிரி செல்சியஸுக்குக் குறையாத சூட்டில் உள்ள தண்ணீரில் கலக்கி, பிறகு ஆறவைத்துக் கொடுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். விமானத்தில் டீக்குத் தருகிற தண்ணீர் அந்தச் சூட்டில் இருக்கும் என்று சொல்ல முடியாது. இரண்டு வழி உண்டு. கலக்கத் தேவையில்லாத, திறந்ததும் கொடுக்கிற திரவ ஃபார்முலா கிடைத்தால் பயணத்துக்கு மட்டும் அதை வாங்குங்கள். ஒரு வாரம் முன்பே அவனுக்கு அது பிடிக்கிறதா, வயிறு ஏற்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இல்லையென்றால், கொதிக்கவைத்த தண்ணீரை நல்ல ஃபிளாஸ்க்கில் எடுத்து, ஒரு வேளைக்கு உரிய பவுடரை உலர்ந்த சிறு டப்பாக்களில் தனித்தனியாக அளந்து வையுங்கள். சீட்டில் உட்கார்ந்து ஒரு கையில் பிள்ளையோடு கரண்டிக் கணக்கு எண்ணுவதை நினைத்துப் பாருங்கள், டப்பாவின் அருமை புரியும். கலக்கிய பாலை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம், குடித்து மீந்ததையும் அப்போதே கொட்டிவிடுங்கள். பிழிந்த தாய்ப்பால் என்றால் அறைச் சூட்டில் நாலு மணி நேரம், ஐஸ் கட்டிகள் வைத்த பையில் ஒரு நாள் தாங்கும்.

கையில் 100 மில்லிக்கு மேல் திரவம் கூடாது என்ற விதியில் குழந்தைப் பாலுக்கும் அதற்கான தண்ணீருக்கும் பெரும்பாலான நாடுகள் விலக்கு தருகின்றன. பையைத் திறந்து அவர்கள் கண்டுபிடிக்கும் வரை காத்திருக்காமல், நீங்களே வெளியே எடுத்து “குழந்தைக்கான பால்” என்று சொல்லிவிடுங்கள். அளவு பயணத்துக்குத் தேவையானதாக, தாமதத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக இருக்கட்டும்.

ஆறு மாதத்தில் திட உணவு தொடங்கச் சொல்லியிருப்பார்கள். தொடங்குங்கள், ஆனால் பயண வாரத்தில் புதிதாக எதையும் வாயில் வைக்க வேண்டாம். தடிப்போ வாந்தியோ வந்தால் காரணம் தேட நடுவானில் வழியில்லை.

காது விஷயம். நடுக்காதையும் தொண்டையையும் ஒரு மெல்லிய குழாய் இணைக்கிறது. விமானம் இறங்கும்போது வெளியில் அழுத்தம் கூடிக்கொண்டே போகும். விழுங்கும்போது அந்தக் குழாய் திறந்து உள்ளேயும் சமமாகும். நாம் எச்சில் விழுங்கிக்கொள்வோம். குழந்தைக்கு அதைச் சொல்ல முடியாது, பால் கொடுத்துத்தான் விழுங்க வைக்க வேண்டும். இதில் பலர் தவறவிடுவது நேரத்தை. சக்கரம் தரையைத் தொடுவதற்குச் சுமார் அரை மணி நேரம் முன்பே இறக்கம் தொடங்கிவிடும். சீட் பெல்ட் விளக்கு எரிந்த பிறகு பாட்டிலைத் தேடினால் பாதி நேரம் போயிருக்கும். பணிப்பெண்ணிடம் “இறங்கத் தொடங்கும்போது சொல்லுங்கள்” என்று கேட்டு வையுங்கள். அதற்கு முந்தைய பாலைக் கொஞ்சம் முன்னதாக முடித்துக்கொண்டால் அந்த நேரத்தில் பசி இருக்கும். மளமளவென்று குடிக்க விடாமல், கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். பால் வேண்டாம் என்றால் சூப்பான் போதும். அழுதாலும் அந்தக் குழாய் திறக்கும், அழுகையிலும் ஒரு லாபம் உண்டு. நன்றாகத் தூங்குகிறான், மூக்கு அடைப்பும் இல்லை என்றால் நான் எழுப்பச் சொல்ல மாட்டேன். சளி பிடித்திருந்தால் எழுப்பிப் பால் கொடுங்கள், அதற்கு முன் மூக்கில் சலைன் சொட்டு விடுங்கள். காதில் சீழோ தொற்றோ இருந்தால் பறக்கும் முன் காட்டிவிடுங்கள்.

எடுத்துப்போக வேண்டியவை பற்றி நீளப் பட்டியல்கள் சுற்றுகின்றன. அதில் பாதிப் பொருள் போகிற இடத்திலேயே கிடைக்கும். கையில் இருக்க வேண்டியது: மணிக்கு ஒன்று என்ற கணக்கில் டயபர், அதற்கு மேல் நாலைந்து, பிள்ளைக்கு மூன்று மாற்றுடை, உங்களுக்கு ஒரு மேல்சட்டை. கடைசியாகச் சொன்னதை எல்லோரும் மறப்பார்கள், வாந்தி விழுவது அம்மா மேல்தான். ஒரு சின்னப் பையில் ஒரு டயபர், துடைப்பான், ஒரு சட்டை, ஒரு பிளாஸ்டிக் உறை வைத்துவிட்டால், கழிவறைக்குப் பெரிய பையைத் தூக்க வேண்டாம். உடம்போடு கட்டிக்கொள்ளும் பேபி கேரியர் தனியாகப் போகிறவருக்கு ஸ்ட்ரோலரைவிட உதவும், இரண்டு கையும் விடுதலை. ஆனால் விமானம் மேலெழும்போதும் தரையிறங்கும்போதும் பிள்ளையை அதிலிருந்து எடுக்கச் சொல்லலாம். ஸ்ட்ரோலரை கேட்டில் கொடுத்தால் அது விமான வாசலுக்கு வருமா, பெட்டிகளோடு பெல்ட்டுக்கு வருமா என்று அங்கேயே கேட்டுவிடுங்கள். நடுவில் மாறுகிற இடத்தில் அது கைக்கு வராமல் போகலாம்.

மருந்தில் பாராசிட்டமால், ஓ.ஆர்.எஸ்., தெர்மாமீட்டர், சலைன் சொட்டு போதும். பாராசிட்டமால் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்று எடையைப் பார்த்துக் கொடுப்பது. புறப்படும் வாரத்தில் எடை பார்த்து, எத்தனை மில்லிகிராம் என்று மருத்துவர் கையால் எழுதி வாங்குங்கள். எத்தனை மில்லி என்று மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். ஒரு நாட்டு சிரப்பில் 5 மில்லியில் 120 மில்லிகிராம் இருக்கும், இன்னொன்றில் 160, வேறொன்றில் 250. சொட்டு மருந்தில் ஒரே மில்லியில் 100 இருக்கும். அங்கே போய் வாங்கும் புட்டியைப் பழைய கணக்கில் ஊற்றினால் அளவு இரட்டிப்பாகிவிடும்.

வழியில் அழத்தான் செய்வான். டயபர், பசி, சூடு, ஏப்பம் பார்த்துவிட்டு, தோளில் போட்டுக் கொஞ்சம் நடங்கள். கேபின் காற்று வறண்டது, வழக்கத்தைவிட அடிக்கடி பால் கொடுங்கள். பக்கத்து சீட்டுக்காரர்களுக்கு மன்னிப்புக் கடிதமும் காதடைப்பானும் வைத்துப் பொட்டலம் கட்டிக் கொடுக்கும் வழக்கம் ஒன்று பரவியிருக்கிறது. குழந்தை அழுவதற்கு யாரிடமும் முன்கூட்டியே மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. அந்தப் பொட்டலம் கட்டுகிற நேரத்தில் ஒரு மணி நேரம் தூங்குங்கள்.

இறங்கிய பிறகுதான் என் உண்மையான கவலை. கணவரிடம் இன்றே சொல்லுங்கள்: பின்னோக்கிப் பார்க்கும் குழந்தை கார் சீட்டை வாங்கியோ வாடகைக்கு எடுத்தோ, காரில் பொருத்திப் பழகிவிட்டுத்தான் அழைக்க வர வேண்டும். விமான நிலையத்திலிருந்து வீட்டுக்கு மடியில் வைத்துப் போவது, நீங்கள் பயந்த பறக்கிற பயணத்தைவிட ஆபத்து அதிகம். குழந்தைக்குத் தட்டையான, உறுதியான மெத்தை உள்ள தனிப் படுக்கையும் தயாராக இருக்கட்டும். மல்லாக்கப் படுக்க வையுங்கள், தலையணையும் கனத்த போர்வையும் வேண்டாம். பதினான்கு மணி நேரம் கண் விழித்த தாய் பால் கொடுத்தபடியே சோபாவில் அசந்துபோவது சகஜம், அதுதான் குழந்தை மூச்சு முட்டுவதற்கு மிக மோசமான இடமும். முதல் இரண்டு இரவு குழந்தையைக் கவனிக்கும் முறை அப்பாவுடையது, பால் நேரம் தவிர.

மூன்று நான்கு மாதத்துக்கு மேல் உடலின் பகல் இரவுக் கணக்கு உருவாகியிருக்கும் என்பதால், அவனுக்கும் நேரம் மாறிப்போகும். காலை வெளிச்சத்தில் வெளியே தூக்கிப் போங்கள், இரவில் எழுந்தால் விளக்கைக் குறைத்துப் பால் கொடுத்துத் திரும்பப் படுக்க வையுங்கள். ஒரு வாரத்தில் சீராகும். ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, பால் குடிக்க மறுக்கிறான், காய்ச்சலோடு துவண்டு கிடக்கிறான் என்றால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். மலேரியா உள்ள இடம் வழியாக வந்திருந்தால், பல வாரம் கழித்து வரும் காய்ச்சலுக்கும் அதைச் சொல்லி ரத்தம் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆறு மாதத்தில் போட்ட தட்டம்மை டோஸுக்குப் பக்கத்தில் “பயணத்துக்காக முன்கூட்டியே” என்று தடுப்பூசி அட்டையில் மருத்துவரை எழுதச் சொல்லி, படம் எடுத்து வையுங்கள். அது வழக்கமான கணக்கில் சேராது. புதிய ஊர் மருத்துவர் அட்டையைப் பார்த்து ஒரு டோஸ் முடிந்தது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்த நாட்டு அட்டவணைப்படி வேண்டிய இரண்டு டோஸும் உரிய வயதில் தனியாகப் போட வேண்டும்.